ஓசையை வினைக்குள் வைத்தல்: ஆங்கில உரைநடையில் ஒலிச்சொற்களும் மோதல் சொற்களும்

தென்னையிலிருந்து ஒரு தேங்காய் மணலில் விழுகிறது. தமிழில் இதை எழுத நமக்கு ஒரு நொடி போதும். 'தேங்காய் தொப்பென்று விழுந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவோம். இதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், நன்றாகப் படித்தவர்கள்கூட 'தி கோகனட் ஃபெல் வித் எ பிக் சவுண்ட்' என்று எழுதுவதைப் பார்க்கிறோம். இலக்கணப்படி அதில் குற்றம் காண இடமில்லை. ஆயினும் படிப்பவரின் காதில் எதுவும் விழுவதில்லை, ஏனெனில் 'பெரிய சத்தத்தோடு' என்பது ஒரு சத்தம் எழுந்தது என்ற செய்தியை மட்டும் சொல்லி, அது எப்படிப்பட்ட சத்தம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் கதையோ பயணக் குறிப்போ எழுதுகிறவர்களும், தமிழ் உரைநடையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர்களும் அடிக்கடி இடறும் இடம் இது. இடறுவதற்குக் காரணம் சொல்வளக் குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். என் கருத்தில் காரணம் வாக்கிய அமைப்பில் இருக்கிறது.

தமிழில் ஓசைச் சொல் வினைக்கு வெளியே நிற்கிறது. 'தொப்பென்று', 'படீரென்று', 'கிறீச்சென்று', 'சலசலவென' ஆகிய அனைத்தையும் 'என்று', 'என' ஆகிய சொற்களே வினையோடு சேர்த்துக் கட்டுகின்றன. வினையோ 'விழுந்தது', 'சாத்தினான்', 'நின்றது', 'ஓடியது' என்று எப்போதும்போல எளிமையாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓசையே வினையாகிவிடுகிறது. 'அவன் கதவைப் படீரென்று சாத்தினான்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஹி ஸ்லாம்ட் தி டோர்' என்றால் போதும். 'படீர்' என்ற ஓசை, 'சாத்து' என்ற செயல், சாத்தியவரின் வேகம், பெரும்பாலும் அவருடைய கோபம் ஆகிய நான்கும் 'ஸ்லாம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. 'ஹி க்ளோஸ்ட் தி டோர் வித் எ லவுட் சவுண்ட்' என்று எழுதுகிறவர் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு தமிழ் வாக்கியம் கட்டுகிறார்.

எனவே செய்ய வேண்டிய முதல் வேலை, எழுதி முடித்த வாக்கியத்தின் வினையைச் சந்தேகப்படுவது. 'ஃபெல்', 'க்ளோஸ்ட்', 'வென்ட்', 'மேட் எ சவுண்ட்' போன்ற வெறும் வினை ஒன்று நின்று, அதற்கு முட்டுக் கொடுப்பதுபோல் 'லவுட்லி', 'சடன்லி' என்று ஒரு சொல் பக்கத்தில் இருந்தால், இரண்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓசையைத் தன்னகத்தே கொண்ட வினை ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் காணாத கீல் முனகுவதற்கு 'க்ரீக்', பிரேக் போட்டதும் சக்கரம் அலறுவதற்கு 'ஸ்க்ரீச்', உலர்ந்த இலைகள் ஒன்றோடொன்று உரசுவதற்கு 'ரஸில்', சரளைக்கல் செருப்பின் கீழ் நொறுங்குவதற்கு 'க்ரஞ்ச்', பாரம் ஏற்றிய லாரி தொலைவில் உறுமி வருவதற்கு 'ரம்பிள்', காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும்போது எழுவதற்கு 'ஹிஸ்' அல்லது 'சிஸில்' என்று ஆங்கிலம் தனித்தனி வினைகளை வைத்திருக்கிறது. இவற்றில் இன்னொரு வசதியும் உண்டு. உருவம் மாறாமலே இவை பெயர்ச்சொல்லாகவும் நிற்கும். 'தி கேட் க்ரீக்ட்' என்றும் எழுதலாம், 'தி க்ரீக் ஆஃப் தி கேட்' என்றும் எழுதலாம்.

இந்த இரண்டில் எதை எப்போது எழுதுவது என்பது சற்றுப் பொறுமையாகக் கவனிக்க வேண்டியது. தேங்காய்க்கே திரும்புவோம். மணலில் விழும் கனமான, எதிரொலியற்ற ஓசைக்கு ஆங்கிலத்தில் 'தட்' என்று பெயர். தமிழ் எழுத்தில் அது நம் 'தட்டு' போலத் தெரிந்தாலும், முடிவில் உள்ளது மெல்லிய 'ட்' என்பதை நினைவில் வைத்துப் படிக்கவும். 'தி கோகனட் தடட் ஆன்ட்டு தி சாண்ட்' என்று வினையாக எழுதினால் விழுதலும் ஓசையும் ஒரே நிகழ்ச்சியாகக் கலந்துவிடுகின்றன. வாக்கியம் வேகமாக ஓடுகிறது. 'தி கோகனட் ஹிட் தி சாண்ட் வித் எ தட்' என்று பெயராக எழுதினால், ஓசை தனியாகப் பிரிந்து கடைசியில் வந்து விழுகிறது. ஆங்கில வாக்கியத்தில் கனம் கூடுகிற இடம் கடைசிச் சொல். தமிழில் அந்த இடத்தை வினைமுற்று எடுத்துக்கொள்வதால் நம்முடைய 'தொப்பென்று' எப்போதும் நடுவிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே ஓசையில் வாக்கியத்தை முடிக்கும் வாய்ப்பு தமிழ் வழியில் சிந்திக்கிறவர்களுக்கு எளிதில் தோன்றுவதில்லை. ஒரு பத்தியின் முடிவில் அதிர்ச்சி வேண்டும் என்றால் பெயர் வடிவத்தைக் கடைசியில் வையுங்கள். நிகழ்ச்சிகள் அடுக்கடுக்காக ஓட வேண்டும் என்றால் வினை வடிவத்தை எடுங்கள். பெயராக எழுதும்போது முன்னால் வரும் 'எ' என்ற சிறுசொல்லை மறக்கக் கூடாது. 'வித் தட்' என்று எழுதுவது நம்மவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் பிழை.

மூன்றாவதாக, ஓசையை ஒரு பொருளின் அடைமொழியாக்கலாம்: முனகும் மாடிப்படி 'க்ரீக்கிங் ஸ்டேர்ஸ்', கடகடக்கும் சன்னல் 'ராட்லிங் விண்டோ'. இது பழகிப்போன பொருளைப் பின்னணியில் நிறுத்துவதற்கு ஏற்றது. முக்கியமான நிகழ்ச்சிக்கு ஏற்றதல்ல.

நான்காவது வழி, ஓசையைத் தன்னந்தனியாக 'பாங்!' என்று வியப்புக்குறியோடு எழுதுவது. அமெரிக்கப் படக்கதைகள் இதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுப் பழக்கின; 1966 இல் வந்த 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடரில் அடிதடி நடக்கும்போதெல்லாம் 'பவ்', 'பாம்' என்ற சொற்கள் திரை முழுவதும் தோன்றின; அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ராய் லிக்டென்ஸ்டைன் 'வாம்!' என்று தலைப்பிட்டு, போர் விமானம் வெடித்துச் சிதறும் படக்கதைக் காட்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்டியிருந்தார். அந்த மரபின் காரணமாகத் தனித்து நிற்கும் ஓசைச்சொல் ஆங்கில வாசகருக்குச் சற்று விளையாட்டாகவே ஒலிக்கும். குழந்தைகளுக்கு எழுதும்போது தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒருவர் இறந்த செய்தியைச் சொல்லும் பத்தியில் அது வந்தால் சிரிப்பு வந்துவிடும்.

கேட்பவர் ஒருவரை வாக்கியத்துக்குள் கொண்டுவரும்போது ஒரு நுட்பம் இருக்கிறது. 'ஐ ஹெர்ட் தி கேட் க்ரீக்' என்றால் ஒரு தடவை முனகி அடங்கிய ஓசையை முழுமையாகக் கேட்டேன் என்று பொருள். 'ஐ ஹெர்ட் தி கேட் க்ரீக்கிங்' என்றால் அது முனகிக்கொண்டிருந்தபோது என் காது அங்கே போனது என்று பொருள். இரவில் யாரோ கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருவதை எழுதுகிறீர்கள் என்றால் முதலாவது. காற்றில் கேட் ஆடிக்கொண்டே இருக்கிறது என்றால் இரண்டாவது. இரண்டு வடிவங்களையும் விருப்பம்போல் மாற்றிப் போடலாம் என்று எண்ணி எழுதுகிறவர்கள் வாசகருக்குத் தவறான காட்சியைக் காட்டிவிடுகிறார்கள்.

ஓசை நகர்வாக மாறும்போது

ஆங்கிலத்தின் உண்மையான திறமை வெளிப்படுவது ஓசைச்சொல்லே பயணத்தையும் குறிக்கும் இடத்தில். 'பேருந்து கிறீச்சிட்டு வந்து நின்றது' என்பதை ஆங்கிலம் 'தி பஸ் ஸ்க்ரீச்ட் டு எ ஹால்ட்' என்கிறது. இங்கே 'வந்தது', 'நின்றது' ஆகிய வினைகளே இல்லை. ஓசையின் பெயர் வினையாகி, 'டு' என்ற இடைச்சொல் திசையைக் காட்டிவிடுகிறது. 'தி ட்ரக் ரம்பில்ட் இன்ட்டு தி யார்ட்', 'தி புல்லட் விசில்ட் பாஸ்ட் ஹிஸ் இயர்' என்பவையும் இப்படியே. இதே முறையில் முடிவு நிலையையும் ஒட்ட வைக்கலாம்: மூடி 'ஸ்னாப்ட் ஷட்' ஆகிறது, கதவு 'பாங்ட் ஓப்பன்' ஆகிறது.

இந்த வித்தையைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் எல்லா ஓசைகளையும் ஓட வைக்கக் கூடாது. இதற்கு ஒரு திட்டமான வரம்பு இருக்கிறது: ஓசை, நகர்வினாலேயே எழுந்ததாக இருக்க வேண்டும். லாரி உருளுவதால் உறுமல் எழுகிறது, குண்டு காற்றைக் கிழிப்பதால் சீழ்க்கை எழுகிறது. ஆகவே அவை சரி. நாய் குரைத்துக்கொண்டே அறையை விட்டு ஓடியது என்பதை 'தி டாக் பார்க்ட் அவுட் ஆஃப் தி ரூம்' என்று எழுத முடியாது, ஏனெனில் குரைப்பு தொண்டையிலிருந்து வருகிறது, ஓட்டத்திலிருந்து வரவில்லை. அங்கே 'ரான் அவுட் பார்க்கிங்' என்று இரண்டு வினைகளாகப் பிரித்துவிட வேண்டும். 'விசில்' என்ற ஒரே சொல் குண்டுக்குப் பயணத்தைக் குறித்து, சீழ்க்கையடித்துக்கொண்டு போகிற மனிதனுக்குக் குறிக்காமல் போவது இதனால்தான்.

எந்த ஓசைக்கு எந்தச் சொல்

ஒலியைப் போலச் செய்து உண்டாக்கிய சொல்லை ஆங்கிலத்தில் 'ஆனோமேட்டோபியா' என்பார்கள். 'பெயர்', 'ஆக்குதல்' என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொற்கள் சேர்ந்து உருவான அது 16 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆனால் மொழி எதுவும் ஓசையை அப்படியே படம் பிடிப்பதில்லை. நம் ஊர்ச் சேவல் 'கொக்கரக்கோ' என்கிறது, ஆங்கிலச் சேவல் 'காக்-எ-டூடுல்-டூ' என்கிறது. நம் நாய் 'லொள்' என்று குரைத்தால் அவர்களுடையது 'வூஃப்' என்கிறது. ஆகவே காதில் கேட்டதை நேரே ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்ப்பதால் பயனில்லை. அந்த மொழி எந்த ஒலிக்கு எந்த வேலையைக் கொடுத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு ஓர் எளிய சோதனை, க்ளிங்க், க்ளாங்க், க்ளங்க், க்ளாங் என்ற நான்கு சொற்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது. நான்கும் உலோகமோ கண்ணாடியோ மோதுகிற ஓசைகள். 'க்ளிங்க்' சிறியது, உயர்ந்த சுருதி கொண்டது; தேநீர்க் கண்ணாடிகள் இரண்டு தொட்டுக்கொள்வது. 'க்ளாங்க்' சங்கிலி இழுபடுவது போன்ற வறண்ட ஓசை. 'க்ளங்க்' கனமானது, மந்தமானது. பழைய காரின் கதவு மூடுவது. கடைசியில் உள்ள 'க்ளாங்' மட்டும் முடிவில் வல்லினம் இல்லாமல் மூக்கொலியிலேயே நின்றுவிடுவதால் ஓசை அடங்காமல் நீள்கிறது. கோயில் மணிக்கும் வெண்கல அண்டாவுக்கும் உரியது அதுதான். உயிரெழுத்து அளவைக் கூறுகிறது, இறுதி மெய் ஓசை எப்படி முடிகிறது என்பதைக் கூறுகிறது. க், ப், ட் போன்ற அடைப்பொலியில் முடியும் 'க்ளிக்', 'ஸ்னாப்', 'டாப்' எல்லாம் பட்டென்று அறுபடும் ஓசைகள். 'ஷ்' என்று முடியும் 'ஸ்ப்ளாஷ்', 'க்ராஷ்', 'ஸ்மாஷ்' ஆகியவற்றில் மோதலுக்குப் பின் ஏதோ சிதறுகிறது. 'அம்ப்' என்று முடியும் 'தம்ப்', 'பம்ப்' இரண்டும் மொத்தமான, மழுங்கலான மோதல்கள். 'ஹிஸ்', 'சிஸில்' போன்ற சகர ஒலிகள் நீராவிக்கும் பாம்புக்கும் எண்ணெய்க்கும் உரியவை.

இது நமக்குப் புதிதன்று. 'கிணுகிணு' என்ற கொலுசும் 'கணகண' என்ற மணியும் 'கிசுகிசு', 'தடதட' ஆகியவையும் இதே உணர்வில் பிறந்தவை; சிறியதற்கு இகரமும் பெரியதற்கு அகரமும் நம் காதுக்கும் இயல்பாகத்தான் படுகின்றன. ஒலிக்கூட்டத்துக்கும் பொருளுக்கும் உள்ள இந்த உறவுக்கு 'ஃபொனஸ்தீம்' என்று 1930 இல் பெயர் வைத்தவர் ஆங்கிலேய மொழியியலாளர் ஜான் ரூபர்ட் ஃபர்த். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துவிட்டு லண்டனுக்குத் திரும்பிய இவர், 1934 இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சுருக்கமான விளக்கம் எழுதினார் என்பதை இங்கே சொல்லிவைக்கலாம். ஆனால் ஃபர்த் காட்டிய உறவை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆங்கிலத்தில் 'ஸ்ன்' என்று தொடங்கும் 'ஸ்னிஃப்', 'ஸ்னோர்', 'ஸ்னீஸ்' ஆகியவை மூக்கைச் சார்ந்தவை என்றாலும், 'ஸ்னேக்' என்ற பாம்புக்கும் மூக்குக்கும் தொடர்பில்லை.

அடுக்கி வரும் ஓசையைக் குறிப்பதில்தான் இரண்டு மொழிகளும் வெகுவாகப் பிரிகின்றன. நாம் சொல்லையே இரட்டிக்கிறோம்: சலசல, கடகட, படபட. இரட்டைக்கிளவி பிரிந்து இசைக்காது என்று தொல்காப்பியம் விதி செய்யும் அளவுக்கு அது நம் மொழியின் ஆழத்தில் இருக்கிறது; கடுமையான உரைநடையிலும் கவிதையிலும் அது தயக்கமின்றி வருகிறது. ஆங்கிலத்தில் முழு இரட்டிப்பு மழலையாக ஒலிக்கும். அங்கே தொடர்ச்சியைக் காட்டுவது சொல்லின் கடைசியில் வரும் 'இல்', 'அர்' ஆகிய ஈறுகள். 'க்ராக்' என்பது ஒரே ஒரு வெடிப்பு. 'க்ராக்கில்' என்பது விறகு தொடர்ந்து படபடப்பது. 'ராட்டில்', 'ரஸில்' ஆகியவற்றிலும், பாத்திரங்கள் சரிவதற்கான 'க்ளாட்டர்', தூறல் கூரையில் விழுவதற்கான 'பேட்டர்' ஆகியவற்றிலும் கேட்பது இந்தத் தொடர்ச்சிதான். ஆகவே தமிழில் இரட்டைக்கிளவி வருகிற இடத்தில், ஆங்கிலத்தில் இந்த ஈறுடைய வினை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். உயிர் மாறும் இரட்டைகளான 'டிக்-டாக்', 'டிங்-டாங்' போன்றவை இருக்கின்றன. அவற்றில் இகரம் எப்போதும் முதலில் வரும். 'டாக்-டிக்' என்று கடிகாரம் ஆங்கிலத்தில் ஓடுவதில்லை.

ஒரே தேங்காயை வைத்துப் பயிற்சி செய்வது எனக்குப் பிடித்த முறை. மணலில் விழுந்தால் 'தட்'. தகரக் கூரையில் விழுந்தால் 'பாங்', கூரை ஓடு உடைந்து உள்ளே வந்தால் 'க்ராஷ்'. கிணற்றில் விழுந்தால் 'ஸ்ப்ளாஷ்'. பிள்ளையார் கோயில் கல்லில் சிதறு தேங்காயாக அடித்தால் முதலில் ஓடு பிளக்கும் 'க்ராக்', அடுத்துச் சில்லுகள் தரையில் தெறிக்கும் 'க்ளாட்டர்'. விழுகிற பொருள் ஒன்றேயாயினும் சொல்லைத் தீர்மானிப்பது எதன் மேல் விழுந்தது, உள்ளே வெற்றிடம் இருக்கிறதா, உடைந்ததா, எதிரொலித்ததா என்பவை. எழுதுவதற்கு முன் இந்தக் கேள்விகளை மனத்துக்குள் கேட்டுக்கொண்டால் அகராதியைப் புரட்டும் தேவை பாதியாகக் குறையும்.

மோதலைக் குறிக்கும் சொற்கள்

அடித்தல் என்ற ஒன்றையே நாம் அறைதல், குத்துதல், குட்டுதல், மொத்துதல், தட்டுதல் என்று கையின் வடிவத்தைக் கொண்டு பிரித்துச் சொல்கிறோம். ஆங்கிலமும் அப்படித்தான் செய்கிறது, ஆகையால் இங்கே நமக்குச் சிரமம் குறைவு. திறந்த உள்ளங்கையால் அறைவது 'ஸ்லாப்'; மடக்கிய முட்டியால் குத்துவது 'பஞ்ச்'; விரல் நுனியால் மெல்லத் தொட்டுத் தட்டுவது 'டாப்'; விரல் கணுவால் சுருக்கென்று தட்டுவது 'ராப்'; முட்டியால் ஓயாமல் இடிப்பது 'பவுண்ட்'. கதவைத் தட்டுகிற ஒருவர் 'டாப்ட்' என்றால் தயங்குகிறார், 'நாக்ட்' என்றால் வழக்கமாக வந்திருக்கிறார், 'பவுண்டட்' என்றால் வெளியே ஏதோ விபரீதம். அந்த மனிதரின் மனநிலையை விவரிக்கத் தனியாக ஒரு வாக்கியம் எழுத வேண்டியதில்லை.

இடைச்சொல்லில் கவனம் வேண்டும். 'ஹிட்' என்ற வினை நேரே செயப்படுபொருளை ஏற்கும். 'என்மீது அடித்தான்' என்ற நினைப்பில் 'ஹிட் ஆன் மீ' என்று எழுதினால், அவன் என்னிடம் காதல் வலை வீசினான் என்று பொருளாகிவிடும். 'பம்ப்ட் இன்ட்டு மை டீச்சர்' என்று எழுதினால், ஆசிரியரை இடித்தீர்கள் என்பதைவிட வழியில் தற்செயலாகச் சந்தித்தீர்கள் என்றே பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். 'கொலைட்' என்ற சொல்லை, மோதும் இரண்டும் நகர்ந்துகொண்டிருந்தால் மட்டுமே எழுத வேண்டும் என்று வலியுறுத்துகிற பத்திரிகை ஆசிரியர்கள் உண்டு. புளியமரம் எங்கும் நகராததால் பேருந்து அதன்மேல் 'ஹிட்' அல்லது 'க்ராஷ்ட் இன்ட்டு' ஆக வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதைக் கடைப்பிடித்தால் நஷ்டமில்லை.

செய்தித்தாள்களின் தலைப்புகளில் இந்தச் சொற்கள் உருவகமாகிவிட்டன. 'ஸ்லாம்' என்றால் அங்கே கடுமையாகச் சாடுவது. நம் நாளிதழ்களின் 'விளாசல்' போல. சிறிய இடத்தில் அடங்குவதால் தலைப்பில் அது வசதி. கட்டுரையின் உடலிலும் ஒவ்வொரு கருத்து வேறுபாட்டையும் 'ஸ்லாம்' என்று எழுதிக்கொண்டே போனால், உண்மையிலேயே ஒரு கதவு அறைந்து மூடப்படும்போது எழுத உங்களிடம் சொல் மிஞ்சாது. மாறாகக் கிரிக்கெட் வர்ணனையாளர்கள் மோதல் சொற்களைத் துல்லியமாகக் கையாளுகிறார்கள்: பந்து கால்காப்பில் 'தட்' ஆகிறது, கவர் திசையில் 'க்ராஷ்' ஆகி எல்லைக்குப் போகிறது, ஸ்டம்புகளை 'ராட்டில்' செய்கிறது. நல்ல ஆங்கில வர்ணனை ஒன்றை அரைமணி நேரம் காதுகொடுத்துக் கேட்பது ஒரு பயிற்சிப் புத்தகத்துக்குச் சமம்.

எழுத்துக்கூட்டலில் ஒரு சங்கதி. குறில் உயிருக்குப் பின் ஒற்றை மெய்யில் முடியும் ஓரசை வினைகள் இறந்தகாலத்தில் அந்த மெய்யை இரட்டிக்கும். ஸ்லாம், ஸ்லாப், தட் எல்லாம் அப்படியே. 'டாப்' என்பதன் இறந்தகாலத்தில் 'பி' எழுத்தை இரட்டிக்க மறந்தால் அது 'டேப்' ஒட்டினான் என்று மாறிவிடும்.

தமிழ்க் காதுக்கு வைத்த கண்ணிகள்

'டக்கென்று எழுந்தான்', 'பட்டென்று சொன்னான்' என்பவற்றில் உண்மையில் ஓசை எதுவும் இல்லை. எழுந்தவனின் முதுகெலும்பிலிருந்து 'டக்' என்ற சத்தம் வந்திருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும். இவை ஓசை வடிவில் வரும் விரைவுக் குறிப்புகள். ஆங்கிலத்தில் இவற்றுக்கு ஓசைச்சொல்லைத் தேடாமல், 'ஸ்ப்ரேங் அப்', 'ஷாட் அப்' போன்ற விரைவு வினைகளை எடுக்க வேண்டும். அதேபோல் 'பளபள' ஒளியையும் 'கமகம' மணத்தையும் 'குளுகுளு' குளிர்ச்சியையும் ஓசை உருவத்தில் தருகின்றன. 'பளபள'வுக்கு ஆங்கிலத்தில் 'க்ளிட்டர்', 'க்ளீம்' என்று ஒலிநயமுள்ள வினைகள் கிடைக்கும். 'கமகம'வுக்கு அப்படி ஒன்றும் கிடைக்காது; எந்தப் பொருளின் மணம் என்று விவரித்து எழுதுவதே வழி.

சமையலறையில் இன்னொரு கண்ணி. கடுகு வெடிப்பதை இந்திய ஆங்கிலச் சமையல் குறிப்புகள் 'ஸ்ப்ளட்டர்' என்று எழுதுகின்றன. நமக்குள் அது நன்றாகவே புழங்குகிறது. ஆனால் பிற நாட்டு வாசகருக்கு அந்தச் சொல் கோபத்தில் வார்த்தை தடுமாறுகிற ஒருவரையும் நினைவூட்டும். அவர்களுக்கும் எழுதுகிறீர்கள் என்றால் 'பாப்' அல்லது 'க்ராக்கில்' பாதுகாப்பானது. குக்கருக்கு 'விசில்' எல்லோருக்கும் புரியும்.

பெயரடை, வினையடை ஆகியவற்றின் சுமையையும் குறைக்க வேண்டும். 'ஸ்லாம்ட்' என்றபின் 'லவுட்லி' எதற்கு, 'விஸ்பர்ட்' என்றபின் 'சாஃப்ட்லி' எதற்கு? சத்தம் ஏற்கெனவே சொல்லுக்குள் இருக்கிறது. வினையடை வேண்டுமென்றால் எதிர்பார்ப்புக்கு மாறானதை மட்டும் சேருங்கள்.

தொலைவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் பயணம் செய்கிறது. அகலமான ஆற்றின் மறுகரையில் ஒருவர் துணியை ஓங்கிக் கல்லில் அடித்தால், துணி கல்லைத் தொட்ட பிறகே 'தப்' நம்மை வந்தடையும். அடுத்த அடிக்கு அவர் கை மேலே எழும்பும் வேளையில்தான் முந்தைய அடியின் ஓசை கேட்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் மூன்று நொடி இடைவெளி. எனவே தொலைவில் நடப்பதை எழுதும்போது பார்வையை ஒரு வாக்கியத்திலும் ஓசையை அடுத்த வாக்கியத்திலும் வைத்தால் வாசகருக்கு அந்த இடைவெளி தானாகவே கிடைக்கும். அருகில் நடப்பதற்கு, குறிப்பாக இருட்டில் நடப்பதற்கு, ஓசையை முதலில் வைத்துக் காரணத்தைப் பின்னால் காட்டலாம்.

கடைசியாக ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம். நள்ளிரவில் ஒரு எவர்சில்வர் டம்ளர் சமையலறை மேடையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுகிறது. முதல் படியில் பெரும்பாலோர் எழுதுவது: டம்ளர் பெரிய சத்தத்துடன் விழுந்தது, எல்லோரும் திடுக்கிட்டு எழுந்தார்கள். இரண்டாம் படியில் உற்சாகம் மிகுந்து 'க்ளாங்', 'பாங்', 'க்ராஷ்' மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுவார்கள். விழுந்தது ஒரு டம்ளர்தானா, பாத்திரக்கடையேவா என்று வாசகர் குழம்பிப்போவார். உண்மையில் நடப்பதை வரிசையாகக் கேளுங்கள். வட்டமான, மெல்லிய, காலியான எவர்சில்வர். ஆகவே முதல் மோதல் நீண்டு ஒலிக்கும் 'க்ளாங்'. ஓரிரு முறை துள்ளும். பிறகு பக்கவாட்டில் உருளும், அதற்கு 'ராட்டில்'. சுவரை முட்டி நிற்கும்போது 'க்ளிங்க்'. நான்கு நிலைகளுக்கும் நான்கு ஓசைச்சொற்கள் தேவையில்லை, இரண்டு போதும். 'தி டம்ளர் ஹிட் தி ஃப்ளோர் வித் எ க்ளாங், பவுன்ஸ்ட் ட்வைஸ், அண்ட் ராட்டில்ட் அவே அண்டர் தி ஸ்டவ்.' முதல் ஓசை பெயராக நின்று அதிர்கிறது, இரண்டாவது வினையாகி டம்ளரையே அடுப்புக்குக் கீழே கொண்டுபோகிறது, நடுவில் உள்ள 'பவுன்ஸ்ட்' ஓசையில்லாமல் மூச்சுவிட இடம் தருகிறது. அடுத்த வாக்கியத்தில் ஓசைச்சொல் எதுவும் வேண்டாம். வீட்டில் யாரும் அசையவில்லை என்று எழுதிவிட்டு, பூனை எந்தச் சன்னல் வழியாக வெளியேறியது என்பதைச் சொல்லுங்கள்.